அனிதா ஆனந்துக்குக் கைதட்டினோம், சரி. நம் வீட்டுப் பெண்?



2025 மே 13-ஆம் தேதி அனிதா ஆனந்த் என்ற பெண்மணி கனடாவின் வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றார். பகவத் கீதையின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்தார். அன்றைக்கே என் கைப்பேசிக்கு அந்தப் படம் பத்து முறையாவது வந்திருக்கும். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அனுப்பியவர்களிடம் "இவர் யார், எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்?" என்று கேட்டால், "நம்ம ஆளு சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அனிதா 1967-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் கென்ட்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா தமிழ்நாட்டுக்காரர், அறுவை மருத்துவர். அம்மா பஞ்சாபைச் சேர்ந்தவர், மயக்க மருந்து மருத்துவர். தாத்தா வி.ஏ. சுந்தரம் காந்தியடிகளோடு விடுதலைப் போராட்டத்தில் நின்றவர். பேத்தி கனடாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, 1994-இல் ஒன்டாரியோவில் வழக்கறிஞரானார். பிறகு டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1985-இல் ஏர் இந்தியா விமானத்தில் குண்டு வெடித்து 329 பேர் மாண்டார்களே, அதை ஆராய்ந்த விசாரணை ஆணையத்துக்குப் பயங்கரவாதிகளுக்குப் பணம் போகும் வழி பற்றி ஆய்வு எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அரசியலுக்கு வந்தது 2019-இல்தான், 52 வயதில். ஓக்வில் தொகுதியில் வென்ற அதே ஆண்டிலேயே அமைச்சர். கோவிட் காலத்தில் நாடு முழுவதற்கும் தடுப்பூசி வாங்கும் பொறுப்பு அவருடையது. 2021 அக்டோபரில் தற்காப்பு அமைச்சரானார். நான் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். இராணுவத்துக்குள் பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகள் பெரும் புகைச்சலாக இருந்த நேரம் அது. பதவியேற்ற சில வாரங்களிலேயே, அந்தக் குற்றங்களை இனி இராணுவம் தானே விசாரிக்கக் கூடாது, பொதுக் காவல்துறையிடம் போகவேண்டும் என்ற முன்னாள் நீதிபதி லூயிஸ் ஆர்பரின் பரிந்துரையை ஏற்றார். டிசம்பர் 13-இல் அரசாங்கத்தின் சார்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்ட இடமே விசாரணையும் நடத்தினால் நியாயம் கிடைக்காது என்பது வழக்கறிஞருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. கிராணி மேல் புகார் சொல்ல மானேஜரிடமே போய் நின்ற அனுபவம் உள்ள உங்களுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் லயத்து வீட்டுப் பிள்ளை அல்ல. இரண்டு மருத்துவர்களின் மகள். அந்த வசதியைக் கணக்கில் சேர்க்காமல் "முயன்றால் எல்லாம் முடியும்" என்று உங்களிடம் பேசினால் அது ஏமாற்று. வேலை முடிந்த அன்றே வீடும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து வாழும் குடும்பத்துக்கு அந்த வாசகம் எதற்கு?

ஆனால் அவர் வாழ்க்கையில் நாம் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. ஓக்வில் தமிழர் தொகுதி அல்ல. தமிழ் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் அவர் வென்றிருக்க முடியாது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். 2004 முதல் கேமரன் மலை ம.இ.கா.வுக்கென்று ஒதுக்கிய தொகுதி. தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று மூவரை அனுப்பினோம். மூவரும் ஆண்கள். 2018-இல் வெறும் 597 ஓட்டில் கிடைத்த வெற்றியை, வாக்காளர்களுக்குக் கையூட்டு தரப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் 3,238 ஓட்டில் வென்று, மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி ஆனார். 2022-லும் அவரே வென்றார். "நம் இடம் போச்சே" என்று அழுதவர்களை நான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நமக்கு முன்பிருந்தே இந்த மலையில் வாழும் மக்கள் தங்கள் ஆளை அனுப்பினார்கள், அவ்வளவுதான். நாம் அனுப்பிய காலத்தில் லயத்து வீட்டுக்குப் பட்டா கிடைத்ததா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இனி தமிழ் ஓட்டை மட்டும் நம்பி இங்கே எவரும் வெல்ல முடியாது. ஆனால் பூர்வகுடிக்கு நிலப் பிரச்சினை. காய்கறித் தோட்டக்காரர்களுக்கு நில உரிமம் பற்றிய கவலை. நமக்கு வீட்டுப் பிரச்சினை. 2013 அக்டோபரில் சுல்தான் அபுபக்கர் அணையின் தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனபோது இனம் பார்த்தா புகுந்தது? இவை எல்லாமே மண்ணைப் பற்றிய வழக்குகள். சிலாங்கூரில் சாகோங் தாசியும் அவர் மக்களும் 2002-இல் உயர்நீதிமன்றத்தில் தங்கள் பூர்வீக நில உரிமையை நிலைநாட்டியது சட்டத்தின் வழியாகத்தான். இந்த மூன்று கூட்டத்துக்கும் பத்து ஆண்டு வழக்காடிய ஒரு பெண் நாளை இங்கே நின்றால், அவருக்கு எந்தக் கட்சித் தலைவரின் தயவும் அதிகம் தேவைப்படாது.

அந்தப் பெண் எங்கே? 2022 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பெண்கள் 30 பேர் வென்றார்கள். அதில் ஒரு தமிழ்ப்பெண்ணும் இல்லை. 2013 முதல் 2022 வரை பத்து காவானில் கஸ்தூரி பட்டு இருந்தார், அவர் விலகியபின் அதுவும் இல்லை. கட்சிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் இயக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: மேடையில் ஆண்கள் ஏழு பேர், குத்துவிளக்கு ஏற்ற ஒரு அக்கா. ஆர்ப்பாட்டத்தில் முதல் வரிசையில் அடிவாங்கப் பெண்கள், பேச்சுவார்த்தைக்கு ஆண்கள். இதை எழுதியதற்காக நண்பர்கள் சிலர் என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை.

வழி இருக்கிறது, நீளமானது. எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம். எழுதலாம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தால் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டியதில்லை. 9 மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி, அதன் பிறகு கறுப்பு அங்கி. மொத்தம் ஏழெட்டு ஆண்டு. இடையில் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு, தானா ராத்தா கடையில வேல இருக்கே" என்று சொல்ல ஒரு பெரியப்பா கட்டாயம் வருவார்.

உங்கள் தோட்டத்தில் சட்டம் படிக்க ஆசைப்படும் பெண்பிள்ளை இருந்தால், எஸ்.பி.எம். முடிவுச் சீட்டோடு எங்களிடம் அனுப்புங்கள். விண்ணப்பம் முதல் பி.டி.பி.டி.என். கடன்வரை கூட இருந்து எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். அப்பாவும் கூட வரட்டும். பெரும்பாலும் நாங்கள் பேச வேண்டியிருப்பது அவரிடம்தான்.