காலாவதியான காவல்

தென்துருவக் கடலில் கிரில் பிடிக்கும் பருவம் முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கையிலேயே, 2025 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அம்மீன்பிடி நிறுத்தப்பட்டதையும், 6,20,000 டன் என்ற எல்லையை அது தன் சரித்திரத்தில் முதன்முறையாகத் தொட்டுவிட்டதே அதற்குக் காரணம் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். எல்லை வந்ததும் கப்பல்கள் நின்றுவிட்டன, ஆகையால் ஒழுங்குமுறை பழுதின்றி நடைபெறுகிறது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அந்தச் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. பிடித்த அளவைப் பற்றி நமக்குள்ள வழக்கு சிறிது. பிடித்த இடத்தைப் பற்றியதே பெரிது.

2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, அவ்வப்போது ஆயுள் நீட்டிக்கப்பட்டு வந்த ஒரு விதி இருந்தது. 51-07 என்ற எண்ணால் வழங்கிய அவ்விதி, 6,20,000 டன்னையும் கப்பல்களெல்லாம் ஒரே மூலையில் திரண்டு அள்ளிவிடாதபடி நான்கு கடற்பகுதிகளுக்கு உச்சவரம்புகளை நிர்ணயித்து, அவற்றுள் பெங்குவின்களும் கடல்நாய்களும் திமிங்கலங்களும் மிக நெருங்கி வாழும் அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய பகுதியில் 1,55,000 டன்னுக்கு மேல் எடுக்கலாகாது என்று கட்டளையிட்டிருந்தது. அது பூரணமான விதி என்று எவரும் சொன்னதில்லை. அதைவிட நுட்பமானதொன்றை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தார்கள். அர்ஜென்டினாவும் சிலியும் 2018இல் முன்வைத்த தீபகற்பக் கடற்காப்பகத்தோடு அதை இணைத்து நிறைவேற்றலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் 2024 அக்டோபரில் ஹோபார்ட் நகரில் கூடிய, அக்கடலின் உயிர்வளங்களைக் காக்கும் சர்வதேச ஆணையத்தின் உறுப்பினர்கள் புதிய ஏற்பாட்டிலும் ஒன்றுபடவில்லை. அது கனியும் வரையில் பழைய விதி நிற்கட்டும் என்ற எளிய காரியத்திலும் ஒன்றுபடவில்லை. பதினைந்து ஆண்டுக் காவல், எவரும் அதை எதிர்த்து வாக்களிக்காமலே, வாக்கெடுப்பே நடவாமலே, அந்த ஆண்டு நவம்பர் மாதத்தோடு காலாவதியாகிவிட்டது. விளைவு, கணித்தவர்கள் கணித்தபடியே வந்து சேர்ந்தது. கப்பல்கள் தீபகற்பத்தின் ஓரத்திலே குவிந்தன; அப்பகுதியின் பழைய வரம்பு வெகுவாகத் தாண்டப்பட்டது.

இந்த ஒரு விதிக்காக இத்தனை மனக்கொதிப்பு ஏன் என்று கேட்பவர்கள், கிரில் என்பது யாது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கடற்கரைச் சந்தைகளில் உலர்த்தி விற்கும் கூனியின் சாயலில், விரல் நீளமே உள்ள, இரண்டு கிராம்கூட நிறையாத ஜந்து அது. உறைபனியின் அடிப்பரப்பில் படிந்துள்ள பாசியைச் சுரண்டித் தின்று முதற் குளிர்காலத்தைக் கழித்து, ஐந்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, கோடானுகோடியாகத் திரண்டு நீரையே செந்நிறமாக்கும். தீபகற்பத்துப் பாறைச் சரிவுகளில் பெங்குவின் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள பனி இளஞ்சிவப்பாகக் கறைபட்டிருப்பது, அவை உண்டு கழித்த கிரிலின் நிறத்தாலேயே. தாயும் தந்தையும் முறைவைத்துக் கடலுக்குச் சென்று வயிறு நிறையத் தின்று திரும்பி, அதையே கக்கிக் குஞ்சின் வாயில் ஊட்டுகின்றன. கூனல்முதுகுத் திமிங்கலங்களோ, ஈக்வடார், கொலம்பியாக் கரைகளின் வெப்பநீரை நோக்கிப் புறப்படுமுன்பு, மார்ச் தொடங்கிக் குளிர்காலம் நெருங்கும் வரையில் பிரான்ஸ்ஃபீல்டு, ஜெர்லாஷ் ஜலசந்திகளில் தங்கி, பல மாதங்கள் உணவின்றிக் கழிக்க வேண்டிய பிரயாணத்துக்கும், சூல்கொண்டவை அதனுடன் பிரசவத்துக்கும் பாலூட்டலுக்கும் வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக் கொள்கின்றன. கிரில் குறைந்த ஆண்டை அடுத்துக் கருவுறும் திமிங்கலங்களின் விகிதமும் குறைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே மாதங்களில், அதே ஜலசந்திகளில்தான், வலையை மேலே தூக்காமலே அதன் அடியிலிருந்து குழாய்வழியாகக் கிரிலை இடைவிடாமல் உறிஞ்சும் கப்பல்கள் இரவும் பகலும் உலவுகின்றன. 2021, 2022 ஆண்டுகளில் இளம் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் இத்தகைய வலைகளில் சிக்கி மாண்டதும் பதிவாகியிருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி ஒன்று உண்டு. 2019இல் பல கப்பல்கள் சேர்ந்து நடத்திய மதிப்பீட்டின்படி அக்கடற்பிரதேசத்தில் ஆறு கோடி டன்னுக்கு மேல் கிரில் இருக்கிறது, பிடிப்பதோ அதில் நூற்றில் ஒரு பங்கு, இதில் என்ன நஷ்டம் என்பதே அது. கணக்கில் பிழையில்லை, கணக்கைப் பிரயோகித்த இடத்தில்தான் பிழை. நாடெங்கும் நெல் விளைந்திருக்கிறது என்ற செய்தி, நெற்குதிரை எவரோ காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் பசியை ஆற்றாது. குஞ்சை விட்டுவிட்டு நெடுந்தூரம் போக முடியாத ஒரு பறவைக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் மிதக்கும் கிரில் இருந்தும் இல்லாததே. இந்த உண்மையை உணர்ந்துதான் 2009இல் பங்கீட்டு விதியை எழுதினார்கள். எழுதியவர்களே அதை மறந்ததை அறியாமை என்று மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை. அதிலும், குளிர்கால உறைபனியின் பரப்பு 2023 செப்டம்பரில் 1 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டரையும் எட்டாமல், செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்து போனதைக் கண்ட மறு ஆண்டிலேயே இது நடந்தது. கிரில் குஞ்சுகளின் கூரையும் களஞ்சியமும் ஒருசேரச் சுருங்கும் காலத்தில் காவலைத் தளர்த்துவதற்கு எந்த நியாயமும் நமக்குப் புலப்படவில்லை.

இதே மேசையைச் சுற்றி இவர்கள் இதற்குமுன் அமர்ந்து கலைந்த சரித்திரமும் நினைவுக்கு வருகிறது. கிழக்கு அண்டார்க்டிக்காவில் காப்பகங்கள் அமைக்கும் யோசனை 2012இல் அவர்கள் முன் வந்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது, யோசனை இன்னும் யோசனையாகவே இருக்கிறது. 2013இல் இதற்கென்றே ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் விசேஷக் கூட்டம் கூட்டி, காப்பகம் அமைக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற விவாதத்தில் நாட்களைக் கழித்துக் கலைந்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் 2023இல் சிலியின் சாந்தியாகோவில் மீண்டும் ஒரு விசேஷக் கூட்டம், மீண்டும் வெறுங்கை. 2020இல், மூடப்பட்ட பகுதியில் ஒரு கப்பல் நின்றதை விமானத்திலிருந்து படம்பிடித்துச் சாட்சியோடு முன்வைத்தபோதும், அதன் பெயரைக் கள்ளப்பிடிக் கப்பல்களின் பட்டியலில் சேர்க்க இவர்களால் இயலவில்லை. 2021இல், தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சூழ்ந்த பல்மீனுக்கு வழக்கமாக விதிக்கும் பிடிப்பு வரம்பைக்கூட நிர்ணயிக்காமல், விஞ்ஞானிகளின் சிபாரிசைக் கையில் வைத்துக்கொண்டே கலைந்தார்கள். 2016இல் ராஸ் கடலில் 15,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக்க இதே கூட்டம் ஒருமனப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. அதன்பின் ஒன்றுகூட முடியாமற் போனதற்கு அது குற்றச்சாட்டு.

ஒருமித்த சம்மதம் என்பது இந்தச் சபையின் அஸ்திவாரம் என்று நமக்கு நினைவூட்டப்படுகிறது. 1980இல் கான்பெராவில் கையெழுத்தான உடன்படிக்கையில் அவ்வாறே இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே உடன்படிக்கை, இருபது முப்பது ஆண்டுகளில் சீர்ப்படுத்த முடியாத மாற்றம் எதுவும் கடலில் நேராதபடி தடுப்பதும், பிடிக்கப்படும் ஜீவனுக்கும் அதை அண்டி வாழும் ஜீவன்களுக்கும் இடையேயுள்ள உறவைக் காப்பதும் தன் நோக்கமென்று, இருவேறு அர்த்தத்துக்கு இடமில்லாதபடி எழுதிவைத்திருக்கிறது. வழிமுறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நோக்கத்தைக் கைவிடுவது எந்தச் சட்ட மரபிலும் இல்லை. ஒரு விதி மடிவதற்கு ஒரே ஒருவர் தலையசைக்க மறுத்தால் போதும், அதை உயிர்ப்பிக்கவோ எல்லோரும் தலையசைத்தாக வேண்டும் என்ற நிலை நீடிக்குமானால், அந்தச் சபையில் மௌனம் சாதிப்பவரும் மறுப்பவருக்குத் துணைநின்றவரே ஆவார். இருபத்தேழு உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் நல்லெண்ணம் உடையவர்கள் என்ற சமாதானத்தையும் வருஷா வருஷம் கேட்டு அலுத்துவிட்டோம். அந்த நல்லெண்ணத்தால் ஒரு கிரிலாவது காப்பாற்றப்பட்டதா?

இந்தியாவும் அந்த மேசையில் அமர்ந்திருக்கும் தேசம். நமது பாரதி ஆய்வுநிலையம் நிற்பதும் கிழக்கு அண்டார்க்டிக்காவின் கரையிலேதான். கிழக்கு அண்டார்க்டிக்கா, வெடெல் கடல் காப்பகங்களுக்குத் துணைமுன்மொழிவோராக நிற்போம் என்று 2021இல் நம் அரசு அறிவித்ததை வரவேற்றோம். அறிவிப்போடு நில்லாமல், தயங்குகிற தலைநகரங்களின் கதவைத் தட்டிப் பேசும் பொறுப்பும் அதனோடு சேர்ந்து வருகிறது.

வரும் அக்டோபரில் அவர்கள் மீண்டும் ஹோபார்ட்டில் கூடுகிறார்கள். டிசம்பர் 1ஆம் தேதி அடுத்த பருவம் தொடங்கிவிடும். அதற்குள் அந்தக் காவல் ஏதேனும் ஒரு ரூபத்தில் மீண்டும் அமலுக்கு வந்தாக வேண்டும். எந்த ரூபத்தில் என்பதை அறிந்தவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும். கப்பல்கள் மறுபடியும் அந்த ஜலசந்திகளுக்குள் நுழைந்தபிறகு தீர்மானிப்பதால் பிரயோஜனமில்லை.