காற்று குறைந்தால் விழிக்கும் மரபணு

ஈகோலை பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி இன்சுலினை உண்டாக்கியது 1978-இல். பிறகு இது மருந்துத் தொழிலின் அன்றாட வேலையாகிவிட்டது. ஆனால் பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவிடம் அப்போதே புரதமும் கேட்டால் இரண்டுமே கெடும். முதலில் அது நன்றாகப் பெருக வேண்டும், பிறகுதான் புகுத்திய மரபணு விழிக்க வேண்டும். அதை எழுப்ப ஆய்வுக்கூடங்களில் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைக் கலப்பார்கள். பெரிய கலன்களுக்கு அதன் விலை கட்டுபடியாகாது.

மலிவான வழி ஆக்சிஜனைக் குறைப்பது. தேங்கிய நீரில் வாழும் விட்ரியோசில்லா என்ற பாக்டீரியா, காற்று குறைந்ததும் தனக்கென ஹீமோகுளோபின் செய்துகொள்ளும். மும்பை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கால்டெக் சென்ற சைதன் கோஸ்லாவும், ஆசிரியர் ஜேம்ஸ் பெய்லியும் அந்த ஹீமோகுளோபினின் மரபணுவை ஈகோலையில் வைத்து ஆராய்ந்தார்கள். 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு அருமையானது. மரபணுவை இயக்கும் ப்ரொமோட்டர், கரைந்த ஆக்சிஜன் நிறைவளவில் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்போதுதான் முழுவேகம் எடுக்கிறது. ஆக்சிஜன் அறவே அற்றுப்போனாலோ மறுபடி மந்தமாகிறது. அந்த ப்ரொமோட்டரை வேண்டிய மரபணுவுக்கு முன்னால் பொருத்திவிட்டால், கலனில் காற்றையும் கலக்கும் வேகத்தையும் குறைப்பதே போதும். ஒரு சங்கடம் உண்டு: காற்று குறைந்தால் ஈகோலை அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். அது மிகுந்தால் வளர்ச்சி நிற்கும். அளவறிந்து குறைப்பதில்தான் திறமை இருக்கிறது.

இதே போன்ற ஏற்பாடு எப்போதும்வென்றான் என்ற ஊரின் சுற்றுவட்டக் கரிசலில் உளுந்து, பாசிப்பயறு வேர்களில் இயற்கையாகவே நடக்கிறது. வேர்முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபிய இனப் பாக்டீரியாவில் ஃபிக்ஸ்எல் என்ற புரதம் ஆக்சிஜனை உணர்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் மரபணுக்கள் விழிக்கின்றன. அவை செய்யும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் ஈடுகட்டுவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். முடிச்சை நகத்தால் கீறினால் தெரியும் இளஞ்சிவப்பு அதுதான். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது.

கரிசலில் மழைநீர் நின்றால் முடிச்சுக்குப் போகும் கொஞ்சக் காற்றும் அடைபடும். ஆகவே ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்கிற விவசாயிகள், ஐப்பசி அடைமழைக்கு முன்பே வடிகால் வெட்டிவிட வேண்டும்.