எசிட் போத்தல் எங்கே இருக்கிறது?



முசுறு எறும்பு கடித்த இடம் ஏன் எரிகிறது, தெரியுமா? கடிவாயில் அது பீய்ச்சும் ஃபார்மிக் அமிலத்தால்தான். ரப்பர் பாலை உறைய வைக்கும் எசிட்டும் அதுவே. எறும்பிடம் இருப்பது துளியிலும் துளி. கேனில் வருவதோ பெரும்பாலும் நூற்றுக்கு 85 பங்கும் அதற்கு மேலும் சுத்த அமிலம். தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஆவி மூக்கில் ஏறினால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும்.

கலக்கும்போது தண்ணீரில்தான் எசிட்டை ஊற்ற வேண்டும். எசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில், ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிந்து கலக்குங்கள்.

பட்டுவிட்டால்? உடனே துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணானால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். எண்ணெய், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மிச்ச எசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பார்க்க அது தண்ணீர் போலவே இருக்கும். பள்ளி விட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? இன்றே உங்கள் அடுப்படியை ஒருமுறை பாருங்கள்.