சாவி கொடுத்த பிறகும் பொறுப்பு உண்டு: எளாவூர் ஏரிக்கரைத் தொகுப்பு வீடுகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: எளாவூர் வட்டார ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கம், கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவள்ளூர் மாவட்டம்.

நகல்: திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), கும்மிடிப்பூண்டி.

பொருள்: அரசுத் திட்ட வீடுகளைக் கிராம ஊராட்சியின் நிரந்தரக் கண்காணிப்பில் கொண்டுவரவும், தாமாகப் பழுதுபார்க்க இயலாதவர்களுக்குத் துணை நிற்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எளாவூர், சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் காங்கிரீட் வீடுகளுக்கு அடையாளம் அவற்றைக் கொடுத்த திட்டத்தின் பெயர்தான். தொகுப்பு வீடு, சுனாமி வீடு, கலைஞர் வீடு, பசுமை வீடு என்றே மக்கள் சொல்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் அரசாணை, மதிப்பீடு, மேற்பார்வையாளர், கட்டம் கட்டமாகப் பட்டியல் என்று முறையாகப் பிறந்தவை. கூரை போட்டு, கடைசிப் பட்டியல் பாஸ் ஆனதும் கோப்பு மூடப்படுகிறது. அதற்குப் பிறகு அந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது, உள்ளே யார் வாழ்கிறார்கள் என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்து எழுதிவைக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் வரையறுக்கப்படவில்லை. எந்த ஒரு அலுவலர் மீதும் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. திட்டங்களின் அமைப்பிலேயே உள்ள இந்த இடைவெளியைக் கிராம ஊராட்சியைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பதே இம்மனுவின் ஒற்றைக் கோரிக்கை. மற்றவை அதன் கிளைகள்.

ஏரிக்கரையில் இந்த இடைவெளி ஏன் அதிகம் உறைக்கிறது என்பதற்குக் காரணம் உப்பு. காற்றிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் தளத்தின் அடியில் கம்பி ஓடும் வழியே பழுப்புக் கோடு தெரியும். பிறகு பூச்சு உப்பும். அடுத்த ஓரிரு மழையில் பாளம் பாளமாக விழும். அந்தக் கோடு தெரியும்போதே கவனித்தால் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை, கம்பி வெளியே வந்த பின் கூரையையே மாற்றும் செலவாகிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானதாக வகைப்படுத்தி, எம்-30 தரக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. வீட்டு வசதித் திட்டங்களோ உப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் என இரண்டே பிரிவுகள். மேட்டுச் செம்மண்ணில் கட்டும் வீட்டுக்கும் பழவேற்காடு ஏரியின் சேற்றோரத்தில் கட்டும் வீட்டுக்கும் ஒரே தொகை.

பழுதுபார்க்கத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, வரவேற்கிறோம். 2024-இல் அரசு அறிவித்த ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம் 2.5 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி ரூபாய் என்ற பெரிய அளவில் வந்தது. அடுத்த ஆண்டு 25,000 வீடுகளை 600 கோடியில் மறுகட்டுமானம் செய்யும் திட்டமும் வந்தது. இரண்டுமே ஏறத்தாழ 2001-க்கு முன் கட்டிய வீடுகளுக்கானவை. 2004 டிசம்பர் 26-க்குப் பின் எழுந்த சுனாமி வீடுகளும், 2010 முதல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்ட, பசுமை வீடுகளும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று புயல்களையும் இந்தக் கரை தாங்கியிருக்கிறது. வீட்டின் வயதை நாட்காட்டியால் மட்டும் அளப்பது இங்கே பொருந்தாது. ஆய்வில் காணும் நிலையே உதவிக்கு அளவுகோலாக வேண்டும். கடலோர, ஏரிக்கரை ஊராட்சிகளுக்கு ஆண்டு வரம்பைத் தளர்த்த அரசுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பட்டாவும் சாவியும் கொடுத்த பின் வீடு பயனாளியின் சொத்து, பராமரிப்பும் அவர் பொறுப்பே என்பது நியாயமாகத் தோன்றும் மறுப்பு. நல்ல நிலையில் உள்ள குடும்பத்துக்கு இது சரி. வெள்ளையடிக்கவும் கதவு மாற்றவும் அரசை எதிர்பார்க்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் கூரையின் தடிமனையும் கம்பியின் மூடலையும் முடிவுசெய்தது பயனாளி அல்லர், மதிப்பீடு. அந்தக் குறைக்கான விலையை வலையோ படகோ இல்லாமல் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பம் தனியே சுமக்க முடியாது. கொடுத்த வீட்டின் மீது அரசுக்குத் தொடர் பொறுப்பு உண்டு என்ற கொள்கையை மேலே சொன்ன 2,000 கோடி ரூபாயே ஒப்புக்கொண்டுவிட்டது. தவிர, பட்டாவில் பெயர் உள்ளவரே வீட்டில் இருக்கிறார் என்பதும் அனுமானம்தான். பிழைப்புக்காக வெளியூர் போனவர் வாடகைக்கு விட்ட வீடு, கணவர் பெயரிலேயே பட்டா நிற்கும் கைம்பெண்ணின் வீடு, கைவிடப்பட்ட பெண் தன் பிள்ளைகளோடு ஒண்டியிருக்கும் உறவினர் வீடு என எல்லாம் உண்டு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. கிராமத்தில் அரசு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் கூரை ஒழுகுகிறது என்று முறையிட அச்சட்டப்படி ஓர் இடமும் இல்லை.

ஊராட்சிக்குத் திறனும் நிதியும் ஏது என்பது அடுத்த மறுப்பு. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊரக வீட்டு வசதியையும் நலிந்த பிரிவினர் நலனையும் ஊராட்சிகளின் துறைகளாகவே பட்டியலிடுகிறது. வீட்டு வரிப் பதிவேடு ஊராட்சியிடம் ஏற்கெனவே உள்ளது. அதில் திட்டத்தின் பெயர், கட்டிய ஆண்டு, கூரை நிலை, குடியிருப்பவர் என நான்கு பத்திகள் சேர்க்கப் பெரும் செலவில்லை. பார்வையிட ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் இருக்கிறார்கள். நகரத்தில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் 2021-இல் தொட்டால் பூச்சு உதிர்ந்தபோது, கேள்வி கேட்க ஒரு வாரியம் இருந்தது, ஐ.ஐ.டி. சென்னை வல்லுநர்களின் ஆய்வும் நடந்தது. அதே வாரியம், குடியிருப்போர் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தையும் நடத்துகிறது. ஏரிக்கரை வீட்டுக்கு அப்படி ஒரு வாரியமும் இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரச் சமூகக் குடியிருப்பு ஒன்றில் 2020-இல் ஈரப் பூஞ்சணத்தால் இரண்டு வயதுக் குழந்தை இறந்த பிறகு, அபாயப் புகார்களைக் கால வரம்புக்குள் ஆய்ந்து சரிசெய்யும் கடமையை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு நிர்வாகங்களுக்கு விதித்தது. அந்நாட்டின் பணம் நம்மிடம் இல்லைதான். புகாருக்குத் தேதி குறிக்கப் பணம் தேவையில்லை.

நலிந்தவர்களைத் தேடிப் புதிய கணக்கெடுப்பும் வேண்டாம். தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே ரேஷன் பெறும் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பட்டியலும், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் செல்லும் வீடுகளின் விவரமும் அரசிடமே உள்ளன. இவற்றை வீட்டுப் பதிவேட்டோடு இணைத்தால், படுக்கையில் இருப்பவரின் தலைக்கு மேல் எந்தக் கூரை பெயர்கிறது என்பது தெரிந்துவிடும். அத்தகையோர் விண்ணப்பித்து அலையாமல் ஊராட்சியே அவர்களுக்காக மனு எழுத வேண்டும்.

எங்களுக்குள்ளேயே எழுந்த ஓர் அச்சத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஆய்வு என்று வந்தால் ‘பழுதடைந்த வீடு’ என எழுதி வெளியேற்றிவிடுவார்களோ, உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவர் பெயரே முன்னால் வருமோ என்பதே அது. ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறையில் இருளருக்குப் பங்கில்லை. ஊர்க் கூட்டத்தில் அவர்கள் குரல் எவ்வளவு எடுபடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு இம்மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. ஆகவே ஆய்வுக் குழுவில் இருளர் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். மாற்று வீடு தராமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். ஊரக வீட்டுத் திட்டத்துக்கு ஏற்கெனவே உள்ள சமூகத் தணிக்கையை முடிந்த வீடுகளுக்கும் நீட்ட வேண்டும்.

ஆய்வுக்கு உகந்த காலம் தைத் தொடக்கம். பருவமழை ஓய்ந்து, ஒழுகிய தடம் சுவரில் காயாமல் இருக்கும்போது எதையும் மறைக்க முடியாது. ஆய்வில் எழுதும் பட்டியலை ஜனவரி 26 கிராம சபையில் வாசித்து, முடிந்த வேலைகளின் விவரத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்தால், ஐப்பசி மழைக்கு முன் மிச்சத்தை முடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். முதற்கட்டமாக எளாவூர் வட்டார ஏரிக்கரை ஊராட்சிகளில் இதைத் தொடங்க ஆணையிட்டு, இம்மனு மீது எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்