வேட்டைப் படங்களும் விடுபட்ட வரியும்

குற்ற வழக்குகளைப் படமாக்குதல் இற்றை நாளிற் பெருவணிகம். வீரப்பனைப் பற்றி 2023இல் நெட்ஃபிளிக்சு வெளியிட்ட ஆவணத்தொடரும், இராசீவ் காந்தி கொலைவழக்கைப் பற்றி 2025இல் சோனிலிவ் வெளியிட்ட நாடகத்தொடரும் 'வேட்டை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே தலைப்பிற் சூடிக்கொண்டன. முன்னதை இயக்கிய செல்வமணி செல்வராசு தமிழர். தமிழ்த்தலைப்பு ஏன் வாய்க்கவில்லையோ! அது கிடக்க. வேட்டைக்கதையில் வேட்டைக்காரன் மறவன், அகப்பட்டது விலங்கு. அகப்பட்டவன் குற்றவாளிதானா என்று அக்கதை கேளாது.

கேட்கவேண்டிய இடம் பூவிருந்தவல்லி. ஆங்கிலேயன் 'பூனமல்லி' எனச் சிதைத்த அவ்வூரில்தான் தடாத் தனிமன்றம் 1998 சனவரி 28இல் 26 பேருக்கும் தூக்கு எனத் தீர்ப்புரைத்தது. 15 திங்களுக்குமேல் அவர்கள் கயிற்றின் நிழலிற் கிடந்தபின், 1999 மே 11இல் உச்சமன்றம் 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. தடாச் சட்டம் இவ்வழக்கிற்குப் பொருந்தாது என்றும் கூறிற்று. ஆயினும் அச்சட்டத்தின்கீழ்க் காவல் அலுவலர் எழுதிய ஒப்புதலுரைகளை ஏற்றது. என்னே முறைமை!

அவற்றுள் ஒன்று பேரறிவாளனுடையது. 1991 சூன் 11இல் கைதானபோது அவருக்கு அகவை 19. அவர் 2 மின்கலங்கள் வாங்கித் தந்தார் என்பதே பெருங்குற்றச்சாட்டு. 2013இல் வெளிவந்த 'உயிர்வலி' என்னும் ஆவணப்படத்தில், அவ்வுரையை எழுதிய நடுவண் புலனாய்வுத்துறை முன்னாட் கண்காணிப்பாளர் தியாகராசனே தோன்றினார். மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாதெனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்று ஒப்பினார். 22 ஆண்டு கழித்து! அவ்வொரு வரி விடுபட்ட தாளன்றோ ஓர் இளைஞன் கழுத்திற் கயிறாயிற்று?

அமெரிக்கரான எரால் மோரிசு தனியார் துப்பறிவாளராகவும் பணியாற்றியவர். 1988இல் அவரெடுத்த 'தி தின் புளூ லைன்' காவலர் கொலைவழக்கொன்றின் பொய்ச்சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. முன்னர்த் தூக்குத்தீர்ப்புப் பெற்றிருந்த இரேண்டல் ஆடம்சு அடுத்த ஆண்டே வெளிவந்தார். துமுக்கியேந்தியவனைப் பின்தொடர்வதை விடுத்து, ஒப்புதலுரை எழுதியவனின் எழுதுகோலை நோக்கிப் படக்கருவியைத் திருப்பியதே 'உயிர்வலி'யின் பெருமையும். குற்றப்படமே தம் தொழிலெனக் கொண்ட நம் இளைஞர்க்கு இவ்வழி ஏன் கசக்கிறது?

2014இல் பேரறிவாளனின் தூக்கு வாழ்நாட்சிறையாகக் குறைந்தது. 2022 மே 18இல் உச்சமன்றம் அவரை விடுவித்தது, ஆளுநரின் காலத்தாழ்வைச் சுட்டி. விடுபட்ட வரியைச் சேர்த்து அன்று.