வீட்டு யோகமும் வீண் வழக்குகளும்

நம் இல்லங்களில் இப்போது ஒரு புது வழக்கு மூண்டிருக்கிறது. கல்லூரிக்குச் செல்லும் பெண்மக்களும், மணமாகிக் குழந்தை பெற்ற இளந்தாய்மாரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு ரப்பர் விரிப்பின் மேல் தண்டால் எடுக்கிறார்கள். முழங்காலை மடக்கி நின்ற நிலையிலேயே நிற்கிறார்கள். உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றிப் பலகைபோல் உடலை நிறுத்தி மூச்சை எண்ணுகிறார்கள். 'பவர் யோகா' என்பது அதற்கு வழங்கும் பெயர். உம்மாவுக்கு அது வேடிக்கை; பெத்தும்மாவுக்கு அது கலக்கம்; வாப்பாவுக்கோ தீர்ப்புக் கூறக் கிடைத்த வாய்ப்பு. "யோகம் என்பது பிற சமயத்தாரின் வணக்கம், நமக்கு ஹராம்" என்று ஒரு சாரார் முழங்குவர். "ஐவேளைத் தொழுகையே ஒப்பற்ற யோகாசனம், அதற்கு மேல் தேகப்பயிற்சி எதற்கு?" என்று மற்றொரு சாரார் வினவுவர். இரு சாரார் கூற்றும் பிழை என்பது நம் துணிபு. இரண்டாம் சாராரின் பிழை முதற் சாராரின் பிழையினும் பெரிது என்பதும் நம் துணிபே. ஆதலின் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

தொழுகையின் மருத்துவப் பலன்களை விரிக்கும் துண்டுப் பிரசுரங்கள் நம் பள்ளிவாசல் வாயில்களில் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகின்றன. ருகூஉ முதுகெலும்பை வலுவாக்குமாம்; ஸுஜூது மூளைக்கு இரத்தத்தைப் பாய்ச்சுமாம்; அத்தஹிய்யாத்தின் இருப்பு செரிமானத்தைச் சீராக்குமாம். இவற்றை எழுதுவோர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகின்றனர். எனினும் தொழுகையைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு அதனைச் சிறுமைப்படுத்துகின்றனர். முதுகு வலிக்காகத் தொழுபவன் முதுகு வலி தீர்ந்தபின் என்ன செய்வான்? அதைவிடச் சிறந்த மருந்தொன்றை மருத்துவர் காட்டினால் எதனைக் கைவிடுவான்? நிய்யத்து என்னும் ஒரு சொல்லை ஓதுகிற பள்ளியின் முதல் வகுப்பிலேயே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கற்பித்த நாமே அதனை மறக்கலாமா?

பிக்ஹு நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இவ்வாதத்தின் பொருந்தாமை இன்னும் தெளிவாகப் புலப்படும். தொழுகையின் ஒவ்வொரு நிலையிலும் உறுப்புகள் அடங்கி அமைதி கொள்ள வேண்டும். துமஃனீனா எனப்படும் அவ்வமைதி ஷாபிஈ மத்ஹபில் ருக்னு. ஹனபி மத்ஹபில் வாஜிபு. விரைந்து குனிந்து விரைந்து எழுந்த ஒருவரை, அவர் தொழவே இல்லை என்று கூறி, மீண்டும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய செய்தி ஹதீஸ் கற்ற எவரும் அறிந்தது. ஷாபிஈ மத்ஹபின்படி, தொழுகையைச் சேராத பெரிய அசைவுகள் மூன்று தொடர்ந்து நிகழ்ந்தால் தொழுகையே முறிந்துவிடும். இவ்வளவு கருத்தாக அசைவை அடக்கி வைத்துள்ள ஒரு வணக்கத்தைத் தேகப்பயிற்சி என்று அழைப்பதற்கு எத்துணைத் துணிச்சல் வேண்டும்!

தேகப்பயிற்சி என்பது யாது? 1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலின் முதற் பகுதியில் 'ரியாளா'வுக்கு இலக்கணம் வகுத்துள்ளார். மனிதன் தானாக விரும்பிச் செய்வதும், பெருமூச்சை அடுத்தடுத்து வாங்கச் செய்வதுமான இயக்கமே ரியாளா என்பது அதன் சாரம். மூச்சு வாங்கினால்தான் அது பயிற்சி. அமைதியாகத் தொழுது ஸலாம் கொடுத்தவருக்கு மூச்சு வாங்குமாயின், அவர் நாட வேண்டியது மருத்துவரையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர் வரைந்த வரையறை கையில் இருக்க, துண்டுப் பிரசுரத்தை நாம் ஆதாரமாக்குவது என்ன முறை?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. இதில் உயிர்கள் பணயமாக உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. இந்நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. நாம் உண்ணும் சோற்றிலும் புரோட்டாவிலும் இருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை இன்சுலினின் துணையால் வாங்கிச் சேமிப்பது உடலின் தசையே. அத்தசையோ முப்பது வயதைக் கடந்தபின், பயன்படுத்தாவிடில், ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. தசை தேயத் தேயச் சர்க்கரை தங்குவதற்கு இடமின்றிப் போகிறது. முழங்கால் தாங்கும் வலுவை இழக்கிறது. நடு இருப்பிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை வருகிறது. இன்று நம் பள்ளிகளில் பின்வரிசைகளில் பெருகிவரும் நாற்காலிகளை யாரும் எண்ணிப் பார்க்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமேனும் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. பின்னதைத் தொழுகை தராது. தருவதற்காக அது கடமையாக்கப்படவும் இல்லை.

வலிமை பெற்ற முஃமின் வலிமையற்ற முஃமினைவிடச் சிறந்தவர் என்னும் கருத்தமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது புகாரியில் உள்ளது. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் நாயகியார் முந்தியதும், பின்னர் அவர்களுக்குச் சதை போட்டிருந்த காலத்தில் பெருமானார் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. மனைவியோடு ஓடி விளையாடிய நபியின் உம்மத்திலே, மகள் தண்டால் எடுத்தால் குடும்ப மானம் போய்விடும் என்று கவலைப்படும் தந்தையரும் இருக்கின்றனர்!

இனி முதற் சாராரிடம் வருவோம். சூரியனின் பெயர்களை மந்திரமாக உச்சரித்து அதனை வணங்கும் செயல் நமக்கு ஆகாது. அதில் இரண்டாம் பேச்சில்லை. சூரியன் உதிக்கும் நொடியில் நம் தொழுகையையே தடுத்து வைத்துள்ள மார்க்கம் இது. ஆனால் இவர்கள் மந்திரத்தை மட்டும் விலக்கவில்லை. கையூன்றி உடலைத் தாழ்த்தி உயர்த்தும் அசைவையும் சேர்த்து விலக்குகிறார்கள். அவ்வசைவு எங்கிருந்து வந்தது என்று இவர்கள் விசாரித்ததுண்டா?

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் இருக்க, ஆசனத்தைப் பற்றிப் பேசுவன மூன்றே. அவையும் உறுதியாகவும் சுகமாகவும் இருத்தலைப் பற்றியனவேயன்றி வியர்வை சிந்துவதைப் பற்றியன அல்ல. 15-ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் ஆசனங்கள் பதினைந்து. பெரும்பாலானவை அமர்ந்த நிலைகள். அரபு கற்றோர்க்கு இத்துறை புதிதுமன்று. அல்பீரூனி 11-ஆம் நூற்றாண்டிலேயே பதஞ்சலியை அரபியில் பெயர்த்தார். குவாலியரின் ஷத்தாரி ஞானி முஹம்மது கவ்து 16-ஆம் நூற்றாண்டில் 'பஹ்ருல் ஹயாத்' என்னும் பாரசீக நூலில் யோக நிலைகள் இருபத்தொன்றை விவரித்தார். முகலாயர் காலத்து ஓவியங்களுடன் கூடிய அதன் பிரதியொன்று இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அவர்கள் கண்ட யோகம் தியானிப்பவனின் யோகம். நம் மகள் விரிப்பின் மேல் செய்வதற்கும் அதற்கும் பெயர் ஒன்று; பொருள் வேறு. சொல்லை வைத்தன்று, பொருளை வைத்தே தீர்ப்பு என்பது பிக்ஹுக் கலையின் பாலபாடம்.

வியர்க்க வியர்க்கச் செய்யும் இவ்வகை பரவலானது கடந்த நூறாண்டுக்குள்தான். அவுந்த் சமஸ்தானத்து அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாக 1920-களில் பரப்பினார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கு ஆசனங்களைத் தொடராகவும் வேகமாகவும் கற்பித்தார்; அவர் பின்னர் சென்னையில் குடியேறி 1989-இல் மறைந்தார். அவருடைய மாணவர் பட்டாபி ஜோய்ஸ் வளர்த்த முறையே 1990-களில் அமெரிக்காவில் 'பவர் யோகா' என்னும் பெயரில் உருமாறியது. ஐரோப்பிய உடற்பயிற்சியின் சாயல் இதில் மிகுதி என்று மார்க் சிங்கிள்டன் என்னும் ஆய்வாளர் 2010-இல் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடாப்யாஸபத்ததி என்னும் ஏட்டில் அசைவு மிக்க ஆசனங்கள் உள்ளமையைக் காட்டி, முழுவதும் இரவல் அன்று என்று மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், ஐயாயிரம் ஆண்டுத் தொன்மை என்று முத்திரை குத்தி விரிப்பு விற்கும் வணிகரின் கூற்று நிற்காது. அவ்விளம்பரத்தை அப்படியே நம்பிக்கொண்டு ஹராம் என்று கூச்சலிடுவோரின் கூற்றும் அதனோடு சேர்ந்தே வீழ்கிறது.

தண்டாலோ மல்லர்களின் சொத்து. 'பயில்வான்' என்ற சொல் பாரசீகத்தினது. 'தாலீம்கானா' என்று பயிற்சிக் கூடத்தை நம் முன்னோர் அழைத்தார்களே, அந்தத் 'தாலீம்' நாம் மதறஸாவில் நடத்தும் அதே தஃலீம்தான். ஈரானின் ஸூர்கானாக்களில் பலகையில் கையூன்றித் தண்டால் எடுப்பதும் கர்லாக்கட்டை சுழற்றுவதும் வழிவழி வந்த மரபு. யுனெஸ்கோ 2010-இல் அதனைப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. தண்டாலும் பஸ்கியும் எடுத்தே உடலை வளர்த்த காமா பயில்வான் 1910-இல் லண்டனில் ஸ்பிஸ்கோவை எதிர்த்து நின்றார். போலந்து நாட்டு அம்மல்லர் தோல்வியைத் தவிர்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தார். மறுபோட்டிக்கு வரவே இல்லை. காமா எடுத்த தண்டால் ஹலால், அதையே கைப்பேசியில் பார்த்துப் பாத்திமா எடுத்தால் ஹராம் என்பது எந்த மத்ஹபின் ஃபத்வா?

பெயர்களைக் காட்டி மிரட்டுவோரும் உண்டு. 'வீரபத்ராசனம்' என்று சொல்லலாமா என்கின்றனர். சொல்ல வேண்டா, முழங்கால் மடக்கி நிற்றல் என்று சொல்லுங்கள், கால் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஞாயிறு, திங்கள், வெள்ளி என்று கோள்களின் பெயரால் நாள் குறித்தே ஜும்ஆ அறிவிப்பை அச்சிடுகிற நாம் இதில் மட்டும் நுணுக்கம் பார்ப்பது விந்தையே. பிற சமூகத்துக்கு ஒப்பாதல் என்னும் தடை, அவர்களுக்கே உரிய சமயச் சின்னத்தைப் பற்றியது. பாரசீகத்தார் முறையென்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்த அகழியை ஹிஜ்ரி 5-இல் மதீனாவைக் காக்கத் தோண்டியவர் நம் நபி. மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2008-இல் யோகத்தைத் தடுத்தபோதும் மந்திரமும் வழிபாடும் கலந்த முறையையே சுட்டியது. இந்தோனேசிய உலமா சபை 2009-இல், வெறும் உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்று வெளிப்படையாகவே பிரித்துக் கூறிற்று.

இப்பயிற்சியில் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. தலைகீழாக நிற்பதைக் கற்போர் திரையைப் பார்த்துக் கற்கக் கூடாது. கழுத்தெலும்பு அவ்வளவு பாரம் தாங்கப் படைக்கப்பட்டதன்று. இரத்தக் கொதிப்புள்ளோரும் கண்ணழுத்த நோயுள்ளோரும் அதன் பக்கமே போக வேண்டா. பாரம் தாங்குகையில் மூச்சைப் பிடித்துக்கொள்வது இரத்த அழுத்தத்தை ஏற்றும். தண்டாலை முதல் நாளே தரையில் எடுக்கத் தேவையில்லை. சுவரில் கையூன்றித் தொடங்கி, பின்னர் முழங்காலைத் தரையில் வைத்து, அதன்பின் முழு உடலையும் தாழ்த்தலாம். தாழ்த்தும்போது முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். மெல்லத் தாழ்வதில்தான் பலன் மிகுதி. இன்னொரு குறையும் உண்டு. இம்முறையில் தள்ளும் அசைவுகள் நிறைய. இழுக்கும் அசைவு அரிது. கிணற்றில் வாளி இறைத்த நம் பாட்டிமார்க்கு அது நாள்தோறும் கிடைத்தது. இன்று மோட்டார் இறைக்கிறது. தண்ணீர் நிரப்பிய கேனைக் குனிந்த நிலையில் விலாவரை இழுத்துத் தூக்கினால் அக்குறை ஓரளவு தீரும்.

உடனே, "அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்புங்கள், எல்லாம் சரியாகும்" என்று சில ஆண்மக்கள் உபதேசிப்பர். தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிறவர்களே இவ்வாறு உபதேசிக்கின்றனர். ஆண்களுக்குத் திடலும் கடற்கரையும் உண்டு. பள்ளிக்கு ஐவேளை நடக்கும் நடையும் உண்டு. நம் ஊர்கள் பலவற்றில் பெண்ணுக்கு உள்ளது நான்கு சுவர்களும் மொட்டை மாடியுமே. அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே, ஒருவர் கண்ணிலும் படாமல், ஆறடி விரிப்பின் மேல் அவள் தன் உடலின் உரிமையைக் கொடுக்க முற்பட்டால், கதவைத் தட்டித் தீர்ப்புக் கூறுவதற்கு நாம் யார்?

நம் ஊர்களில் பெண்கள் மதறஸாக்கள் பல எழும்பியுள்ளன. அவற்றின் கூடங்கள் பல அஸருக்குப்பின் பூட்டியே கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், தேகப்பயிற்சி கற்ற ஒரு பெண் ஆசிரியையை அமர்த்தி அக்கூடங்களைத் திறந்துவிட ஜமாஅத்துகளுக்கு ஆகும் செலவு, மீலாது மேடைக்குப் போடும் பந்தல் செலவில் ஒரு பகுதிகூட வராது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரும் ஊர் எது என்பதை அறிய நாம் காத்திருக்கிறோம்.