அச்சுக்கூடத்தின் சாவி யார் கையில்?

விளையாட்டுச் செய்தி வெளியிடும் இணையதளத்தை நடத்த எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? இது கணிப்பொறிக்காரர்களின் சங்கதி, நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். கருவி யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்விதான் இங்கே புது வேடத்தில் வந்து நிற்கிறது.

அந்த மென்பொருள் செய்யும் வேலை என்ன? செய்தியாளர் எழுதிக் கொடுத்ததைத் தலைப்பும் படமும் சேர்த்துப் பக்கம் கட்டுகிறது. வாசகனுடைய செல்போனில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பழைய கட்டுரைகளைப் பத்திரப்படுத்துகிறது. பத்திரிகைக்கு அச்சுக்கூடம் எப்படியோ, இணையதளத்துக்கு இது அப்படி.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். டெட்ஸ்பின் என்ற விளையாட்டுத் தளம் 2019-ல் ஒரு தனியார் முதலீட்டுக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. "விளையாட்டைப் பற்றி மட்டும் எழுது" என்று மேலிடம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் பொறுப்பாசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சில நாட்களுக்குள் ஆசிரியர் குழுவில் ஏறக்குறைய இருபது பேர் ராஜிநாமா செய்தனர். வெளியே வந்தபோது அவர்களிடம் இருந்தது என்ன? எழுதுகிற கை ஒன்றுதான். தளத்தின் பெயரும், எழுதிக் குவித்த கட்டுரைகளும், எந்திரமும் முதலாளியிடமே நின்றுவிட்டன. 2024-ல் அந்தத் தளம் மால்டா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. அங்கே மிஞ்சியிருந்த ஊழியர்களுக்கும் வேலை போயிற்று.

வெளியேறியவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2020 செப்டம்பரில் டிஃபெக்டர் என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கினார்கள். உழைப்பவர்களே அதற்கு உடைமையாளர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் ஆசிரியரையே மாற்றலாம். வாசகர்களின் சந்தாதான் முக்கிய வருமானம். அவர்கள் தேர்ந்தெடுத்த மென்பொருள் எது? வேர்ட்பிரஸ் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட ஒன்று. 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. எவரும் இறைக்கலாம், செப்பனிடலாம், படியெடுக்கலாம். நாளை ஒரு கம்பெனி கடையை மூடினாலும், அதே மென்பொருளை வேறிடத்தில் நிறுவி வேலையைத் தொடரலாம்.

சொந்தமாகவே எந்திரம் செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். வாக்ஸ் மீடியா அதைத்தான் செய்தது. எஸ்பி நேஷன் என்ற தன் விளையாட்டுத் தளங்களுக்காக கோரஸ் என்ற மென்பொருளைக் கட்டியது. 2018-ல் பிற பத்திரிகைகளுக்கும் வாடகைக்கு விட்டது. 2023-ல் அதைக் கைவிட்டுத் தானும் வேர்ட்பிரசுக்கு மாறுவதாக அறிவித்தது. பணபலமுள்ள கம்பெனிக்கே கட்டுப்படியாகாத பாரத்தைச் சிறு குழு சுமப்பது எப்படி?

ஆனால் பொது என்று பலகை மாட்டியதால் கவலை தீர்ந்ததென்று எண்ணலாகாது. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரசின் மூலவர்களில் ஒருவருக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற கம்பெனிக்கும் தகராறு மூண்டது. அந்தக் கம்பெனிக்குப் பொதுத்தளத்தின் கதவு அடைக்கப்பட்டது. டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே திறந்தது. கிணறு பொதுதான், கயிறும் வாளியும் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

ஆகவே தேர்ந்தெடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து மோதினால் தாங்குமா? மலிவான செல்போனிலும் ஸ்கோர் உடனே தெரியுமா? கட்டுரைகளும் சந்தாதாரர் பட்டியலும் முழுமையாக நம் கைக்குத் திரும்பி வருமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், மற்றவை எத்தனை அழகாயிருந்தாலும் வேண்டாம்.

பராமரிப்புக்கு ஆள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும் என்பது உண்மை. வேலை தெரிந்தவருக்கு நியாயமான கூலி கொடுப்போம். ஆனால் கூலி கொடுப்பது வேறு. சாவியை ஒப்படைப்பது வேறு. வாடகைத் தறியில் நெய்தவனுக்கும், அடுத்தவன் நிலத்தில் வியர்வை சிந்தியவனுக்கும் இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.